பதினொரு நாள் வீடு

ஒரு பெண்ணுக்குப் புருஷன் வீடு எது? அவன் கட்டிக்கொடுத்ததா, அவன் இருந்த இடமா? காரைக்கால் ஜுவைரியாவுக்கு இந்தக் கேள்வி எழாமலே பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கணவர் சேக் பரீது பிரான்சில் இருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அந்த நாற்பது நாளும் பெட்டியைக் காலி செய்ய மாட்டார். வேண்டியதை அதிலிருந்தே எடுத்து உடுத்துவார். அவளைப் பொறுமைசாலி என்றது தெரு. வேறு வழி இல்லாதவர்களை அப்படிச் சொல்வது எல்லாத் தெருவுக்கும் பழக்கம்.

மகள் ஆஸியா பிளஸ் டூ படிக்கும் வருடத்தில் நீண்டகால விசா கிடைத்தது. பரீட்சை முடிந்ததும் மகளையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அவளைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஜனவரிக் குளிரில் பாரீசுக்கு வெளியே ஓர் ஆறாவது மாடியில் போய்ச் சேர்ந்தாள் ஜுவைரியா.

முதல் மூன்று நாள் அடுப்போடு போராட்டம். தீயே இல்லாமல் சிவக்கும். அணைத்த பிறகும் சுடும். மீன் பொரித்ததற்குக் கீழ்வீட்டுக்காரி ஏறி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பேச்சு புரியவில்லை, முகம் புரிந்தது. பரீது விடியுமுன் காய்கறிக் கிடங்கு வேலைக்குப் போய்ப் பிற்பகலில் திரும்புவார். இருவரும் விருந்தாளிகளைப் போல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள்.

“இன்னொரு கரண்டி சீனி போடவா?”

“சீனிய விட்டு ஒரு வருஷமாச்சு.”

“போன்ல சொல்லவே இல்லையேங்க?”

“பேசுறது பத்து நிமிஷம். அதுல சீனியப் பத்தியா பேசுறது?”

“பின்ன? மழை பேஞ்சுதா, கரண்டு இருக்கான்னு தெனம் கேட்டீங்களே. அதுக்கு இது எவ்வளவோ தேவல.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைவாய்ப் பல் ஒன்று இல்லாதது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்தாம் நாள் அலமாரியில் பாதியை ஒழித்து, “இது ஒனக்கு” என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பவில்லை. கூட வேலை பார்க்கும் நெடுங்காட்டு அன்பழகன் படியேறி வந்தான். “அண்ணி, மொதல்ல உக்காருங்க” என்றான். கிடங்கில் காய்ப் பெட்டி தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

அங்கேயே அடக்கம் செய்தார்கள். தாலியான கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு ஜுவைரியா இத்தாவில் அமர்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள், கைம்பெண் வெளியே வராமல் கணவன் வீட்டிலேயே இருக்கும் காலம் அது.

அண்ணன் போனில் கத்தினார். “ஊருக்கு வா புள்ள. யாரு இருக்கா அங்க ஒனக்கு?”

“இத்தா புருஷன் வூட்லதானே இருக்கணும், காக்கா.”

“அதத்தான் நானும் சொல்றேன்! மச்சான் கட்டுன வூடு இங்க பூட்டிக் கெடக்குது. நீ இருக்குறது வாடகை ரூமு. பதினோரு நாளு லாட்ஜில தங்குனாப்புல தங்கியிருக்க. பள்ளிவாசல் அஜரத்தே வரலாம்னு சொல்லிட்டாங்க.”

ஆஸியா போனைப் பிடுங்கினாள். “உம்மா, மார்ச்சுல பரீட்சை. படிச்சா ஒண்ணும் ஏற மாட்டேங்குது. வாப்பாவும் இல்ல. நீங்களாச்சும் வந்துடுங்கம்மா.”

“வர்றேண்டா” என்றாள் ஜுவைரியா.

அன்பழகன் டிக்கெட் எடுத்தான். சொன்ன நாளில் காரோடு வந்து கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை, உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“தம்பி, டிக்கெட்டு வேணாம்னு சொல்லிடுங்க.”

“அண்ணி, புள்ள அங்க காத்துக்கிட்டு இருக்கும்.”

“தெரியும் தம்பி. வாரத்துக்கு ஒருக்கா காய் மட்டும் வாசல்ல வச்சிட்டுப் போங்க.”

ஆஸியா மாமா வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினாள். இரண்டு பாடத்தில் தேறவில்லை. ஜூனில்தான் உம்மா வந்து இறங்கினாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று மகள் ஒரே ஒருமுறை கேட்டாள். ஜுவைரியா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பெட்டியைக் காலி செய்து, துணிகளை அலமாரியின் ஒரு பாதியில் மட்டும் அடுக்கினாள். காரணத்தைக் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.