வலக்கண் படத்தில் பன்னிரண்டாமவள்

இதனை வாசிப்போரில் பாதிப்பேர் நம்பமாட்டீர்கள். நம்புங்கள் என்று நான் கெஞ்சப்போவதும் இல்லை. முப்பத்தோராண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். கண்டதைக் கண்டவாறே, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். கீழே வரும் நேரங்கள் யாவும் அக்குறிப்பேட்டில் உள்ளவை. நாள்: 2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. பட்டப்பகலில் தொடங்கியது. மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது.

என் ஊர் சித்தூருக்கு அருகிலுள்ள நல்லேப்பிள்ளி. ஓய்வு பெற்றபின் எனக்கிருக்கும் ஒரே பித்து, பழைய இரட்டைப்பட ரீல்களைச் சேர்ப்பது. சிறுவயதில் திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு கருவியில் செருகிக் கண்ணில் வைத்து, விசையை அழுத்தினால் தாஜ்மகாலும் காஷ்மீர் ஏரியும் உருத்திரண்டு எதிரே நிற்கும். வட்டமான அட்டை, ஓரத்தில் பதினான்கு சிறு படங்கள், ஆனால் காட்சிகள் ஏழே. ஒவ்வொரு காட்சிக்கும் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம். இரண்டு வில்லைகள் கொண்ட கேமராவால் ஒரே நொடியில் எடுக்கப்படுபவை அவை. ஆகையால் ஒன்றில் இருப்பது மற்றொன்றிலும் இருந்தே தீரவேண்டும். இதனைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

ரீல் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் வலக்கண்ணை மூடிக்கொண்டு ஏழு காட்சிகளையும் பார்ப்பேன். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். கீறல், பூஞ்சை, நிறமங்கல் எந்தப் பக்கம் என்று தனித்தனியே குறிப்பேன். பெரும்பாலோர் இப்படிச் செய்வதில்லை. இரண்டு கண்களாலும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

தென்னிந்திய மலைத்தோட்டங்களைக் காட்டும் மூன்று ரீல்களுள் மூன்றாவது மட்டும் என்னிடம் இல்லை. பொள்ளாச்சியில் இருக்கும் என் நண்பர் பொங்கியண்ணனிடம் அது இருந்தது. தருவதற்கு அவருக்கு மனமில்லை. அவ்வேளையில், போடிமெட்டில் ஒரு விடுதியில் வேலைசெய்யும் ரிஞ்சு என்ற பெண், தன் மாமியாரிடம் அந்த ரீல் இருப்பதாகப் பழம்பொருள் சேர்ப்போரின் கைப்பேசிக் குழுவில் படம் போட்டாள். மறுநாள் விடியுமுன் பேருந்து ஏறிவிட்டேன்.

பூப்பாறையில் ஜீப் பிடித்துப் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் இறங்கியபோது மணி 2.50. ரிஞ்சு காத்திருந்தாள். ஆசிரியர்களை மலையாளத்தில் அழைப்பதுபோல் என்னை 'மாஷே' என்றே அழைத்தாள்.

"இந்த அட்டைக்காகவா மாஷே நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தீங்க? உங்க ஊட்டுல யாரும் திட்டலையா?"

"திட்டினார்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எஸ்டேட் லயத்தின் கடைசி வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். வீட்டுக்கு எதிரே, பாதையைத் தாண்டி, தகரக் கூரையுடன் பாழடைந்த கொட்டகை ஒன்று. ஒருகாலத்தில் பறித்த கொழுந்தை எடைபோட்ட இடமாம். கதவு கிடையாது. சிமெண்டுத் தளத்தில் ஆடு மாடு எதுவும் இல்லை.

மாமியார் சந்தனமேரிக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். வலக்கண் வெண்மையாக இருந்தது. ஏழு வயதில் தேயிலைக் குச்சி குத்திக் கெட்டதாம். ரீலையும் பார்க்கும் கருவியையும் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். தம் பிடியை விடவில்லை.

"வாத்தியாரய்யா, ரீலு உங்களுக்குத்தான். காசு பணம் வேண்டாம். ஒரே ஒரு ஒத்தாச. இதுல எங்கம்மா நிக்குதாம். மொகம் எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லணும்."

"தாங்களே பார்க்கலாமே அம்மா?"

"அம்பது வருசமா பாக்கேன். எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது."

ரிஞ்சு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இருக்கிற ஒத்தக் கண்ணும் போகுது மாஷே. கூடிப்போனா ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பிறகு சந்தனமேரியே விவரம் சொன்னார். அவருக்கு ஐந்து வயதானபோது தாய் மோட்சமேரி காணாமற்போனார். அது 1969ஆம் ஆண்டு மழைக்காலம். போடியிலிருந்து வந்த லாரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று தகப்பன் மிக்கேல்ராஜ் சொன்னார். சாகும்வரை மறுமணம் செய்துகொள்ளாமல் மகளைத் தாமே வளர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, மேலாளர் பங்களாவில் ஆயாவாக இருந்த அத்தை செபமாலையம்மாளுக்கு இந்தக் கருவியும் ரீலும் அன்பளிப்பாகக் கிடைத்தன. ரீலில் அச்சிட்டிருந்த ஆண்டு 1972. ஐந்தாம் காட்சியில் இதே தோட்டம். அதில் மோட்சமேரி நின்றாள்.

"அன்னைக்கே அத்தை ஊரக் கூட்டிருச்சு. 'ஓடிப்போனவ, படம் எடுக்க வந்தன்னைக்கி சீவிச் சிங்காரிச்சுக் கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டுப் போயிருக்கா பாரு. பெத்த புள்ளைய எட்டிப் பாக்கல பாரு'ன்னு. அதுலேருந்து எனக்குப் பேரே ஓடுகாலி மகதான். என் கல்யாணப் பந்தல்லயும் சொன்னாக." என் கைமேல் பிடியை இறுக்கினார். "எங்கம்மா உசுரோட இருந்துக்கிட்டே என்னைய வேண்டாம்னு போச்சா, இல்லியா? மொகத்தப் பாத்தா தெரிஞ்சிரும்னு ஒரு இது. வேற என்ன இருக்கு எனக்கு?"

"உங்கள் தகப்பனார் படத்தைப் பார்த்தாரா?"

"ஒரே தடவ. பாத்துட்டு டப்பால போட்டுப் பூட்டிட்டாரு. மூணு நாள் கஞ்சி குடிக்கல."

மணி 3.52. சன்னலருகே நின்று ரீலைக் கருவியில் செருகினேன். டக்... டக்... ஐந்தாம் காட்சி வந்தது. பச்சைச் சரிவு. கூடை சுமந்த பெண்கள். பின்னால் அதே எடைக் கொட்டகை, புதுத் தகரம் பளபளக்க. யாவும் உருத்திரண்டு நின்றன. ஒருத்தி மட்டும் அப்படி நிற்கவில்லை. வரிசையின் நடுவில் நீர்மேல் நிழலாய் நடுங்கினாள்.

இந்நடுக்கம் எனக்குத் தெரியும். ஒரு கண்ணின் படத்தில் மட்டும் கறை இருந்தால் இவ்வாறு தோன்றும்.

வலக்கண்ணை மூடினேன். பெண்களை எண்ணினேன். பதினொருவர்.

இடக்கண்ணை மூடினேன். பன்னிருவர்.

சந்தனமேரி ஐம்பதாண்டுகளாக ஏன் தாயைக் காணவில்லை என்பது விளங்கிவிட்டது. தாய் இருந்தது வலக்கண் படத்தில். அவருக்கு இருந்தது இடக்கண்.

ஆனால் பன்னிரண்டாமவள் கறையல்லள். முகமும் சேலைக்கரையும் தெளிவாகத் தெரிந்தன. ஒரே நொடியில் எடுத்த இரு படங்களுள் ஒன்றில் மட்டும் ஒருத்தி எப்படி நிற்பாள்?

மணி 4.05. பாதையில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. விசையை ஏழுமுறை அழுத்தி மீண்டும் அதே காட்சிக்கு வந்தேன். வலக்கண்ணால் மட்டும் பார்த்தேன்.

பதினொருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பன்னிரண்டாமவள் வரிசையில் இல்லை. கொட்டகைத் தூணருகே நின்றாள்.

நான் தவறாகப் பார்த்திருப்பேன் என்றே எண்ணினேன். உடனே பொங்கியண்ணனைக் கைப்பேசியில் அழைத்து, அவருடைய ரீலில் ஐந்தாம் காட்சியை ஒவ்வொரு கண்ணாலும் எண்ணச் சொன்னேன்.

"ஏனுங்க மாஸ்டர், ரிட்டயர் ஆகியும் அட்டெண்டன்ஸ் எடுக்கறத உடலீங்களா?"

"எண்ணுங்கள் ஐயா. அவசரம்."

சற்று நேரம் கழித்துக் குரல் வந்தது. "ரெண்டு கண்ணுலயும் பதினொண்ணுதானுங்க. ஏனுங்க, உங்குளுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? குரலே ஒரு மாதிரி இருக்குதுங்க."

வைத்துவிட்டேன்.

மணி 4.14. மறுபடியும் ஏழு அழுத்தங்கள்.

அவள் இப்போது கொட்டகைக்குள் இருந்தாள். தளத்தின் நடுவில். மற்றவர்களின் நிழல்கள் யாவும் கிழக்கே சாய்ந்திருந்தன. அவளுக்கு நிழல் இல்லை.

மணி 4.17. மண்டியிட்டிருந்தாள்.

மணி 4.20. படுத்திருந்தாள்... ஒருக்களித்து... முழங்கால்களை மார்போடு மடக்கி.

கண்கள் திறந்திருந்தன.

கருவியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கவேண்டும். ஆனால் அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அய்யா? தெரியுதா? எப்பிடி இருக்கு எங்கம்மா?"

எப்படிச் சொல்வேன்? அப்போது ஒன்று செய்தேன். சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கருவியை அவர் முகத்தில் வைத்து, அவருக்குச் சற்றே இடப்புறமாக நகர்த்தினேன். வலப்பக்கத் துளை அவருடைய இடக்கண்ணுக்கு நேராக வந்தது.

இவ்வளவுதான். இரண்டங்குலம். ஐம்பதாண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே பனி முற்றாக மூடிவிட்டது. வெளிச்சம் போதவில்லை. ரிஞ்சு தன் கைப்பேசி விளக்கை எரியவிட்டுக் கருவிக்குப் பின்னால் பிடித்தாள்.

மணி 4.26.

சந்தனமேரி இரு கைகளாலும் கருவியை அடியில் தாங்கிக்கொண்டார்.

"அம்மா..."

பிறகு, மெல்ல... "எவ்வளவு சின்னப் பொண்ணு..."

டக்.

விசையை யாரும் தொடவில்லை. அவருடைய இரு கைகளும் கருவியின் அடியில் இருந்தன. நான் பார்த்தேன். ரிஞ்சுவும் பார்த்தாள்.

டக்... டக்... டக்... டக்... டக்... டக்.

ஏழு.

"என்னையப் பாக்குது" என்றார் சந்தனமேரி. "வாய் அசையுது... கைய ஓங்குது... தரையத் தட்டுது அய்யா..."

அப்போதுதான் கேட்டது.

டொக்.

பாதைக்கு அப்பாலிருந்து.

டொக்... டொக்...

"ஆடா இருக்கும் அத்தே" என்றாள் ரிஞ்சு. "ஆடுதான்..."

கொட்டகையில் ஆடு இல்லை.

டொக்.

மேலிருந்து தட்டும் ஓசையன்று அது.

அடியிலிருந்து.

மணி 4.31. ஓசை நின்றது. சந்தனமேரி கருவியைக் கண்ணிலிருந்து எடுத்தார். அழவில்லை. எழுந்து வாசலில் நின்று பனிக்குள் பார்த்தார்.

"எங்கம்மா எங்கிட்டும் போகல. இங்கனதான் கெடக்கு."

நான் ரீலைக் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. 4.50க்கு வந்த ஜீப்பில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பூப்பாறையில் தங்கிய அன்றிரவு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் இறுதியில் ரிஞ்சு அழைத்தாள். சந்தனமேரி நாள்தோறும் எஸ்டேட் ஆபீசு வாசலில் உட்கார்ந்து, கொட்டகைத் தளத்தை உடைக்கும்படி கேட்டிருக்கிறார். பைத்தியம் என்று சிரித்திருக்கிறார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் இரண்டு ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டரை அடி ஆழத்தில் எலும்புகள். ஒருக்களித்து, முழங்கால் மடங்கி. கழுத்தருகே செபமாலை மணிகள். சுமார் இருபத்தைந்து வயதுப் பெண், புதைந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாராம்.

"ரீலப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் மாஷே. ரெண்டு பக்கமும் பதினொண்ணுதான்."

அடக்கத்துக்குச் சென்றிருந்தேன். சந்தனமேரிக்கு இப்போது இடக்கண்ணும் முற்றாக அணைந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்து நடந்தார். ஓடுகாலி மகள் என்று சொன்ன வாய்களெல்லாம் மெழுகுவர்த்தியோடு பின்னால் வந்தன. ஒருத்தி வந்து கையைப் பிடித்தபோது, "என் கல்யாணத்துக்கு வந்தவதானே நீ? இன்னைக்காச்சும் வாய மூடிக்கிட்டு வா" என்றார்.

வீடு திரும்பியதும் என்னை அந்தக் கொட்டகைக்கு அழைத்துப் போகச் சொன்னார். உடைத்த சிமெண்டுத் துண்டுகள் ஓரமாகக் குவிந்திருந்தன. மேலே கிடந்த பெரிய துண்டில், ஈரம் காயுமுன் ஆணியால் கீறிய எண்கள் தெரிந்தன: 1969. படம் எடுப்பதற்கு மூன்றாண்டுகள் முன்பு. எண்களின்கீழே ஒரு சிறு குழந்தையின் பாதச்சுவடு. வலக்கால். ஐந்து விரல்களும் ஆழமாகப் பதிந்திருந்தன.

அவராகவே குனிந்து தடவினார். எண்களைத் தடவினார். பிறகு அந்தப் பாதத்தை. விரல் விரலாக. நெடுநேரம்.

"இந்தத் தளம் போட்ட கொத்தனாரு எங்கப்பாதான் அய்யா" என்றார்.

விரல்கள் சுவட்டிலேயே இருந்தன.

"ஒரு நாள் காலையில என்னையத் தூக்கிட்டு வந்து ஈரத்துல நிறுத்துனாரு. அவரு என்னையப் பாத்துச் சிரிச்ச நாள் அது ஒண்ணுதான் நெனவுல இருக்கு. 'மிதி தாயி... இன்னும் நல்லா அமுக்கி மிதி'ன்னாரு."