பிச்சைக்காரனுக்கு ஒரே ஒரு வித்தை

“பத்தாயிரம் பேரு விளையாடட்டும். அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், பிச்சைக்காரன் வேஷத்தத் தொட்டான்னா நான் கடையப் பூட்டிட்டு ஹார்பர்ல மூட்ட தூக்கப் போயிருதேன்.”

இப்படி அறிவித்தவர் சிவபாலன். வயது நாற்பத்திரண்டு. தூத்துக்குடி சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் ‘பால்துரை வேஷப்பொருள் நிலையம்’ நடத்துகிறவர். அறிவிப்பைக் கேட்டவர்கள் இரண்டே பேர். கிரீடத்துக்குக் கண்ணாடிக்கல் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி உமாராணி ஒருவர். போனின் மறுமுனையில், பெரியதாழையில் இருந்த ஷெர்லின் இன்னொருவர். பிரகடனத்தின் கனத்துக்குக் கூட்டம் கொஞ்சம் குறைவுதான்.

சிவபாலனின் தகுதி பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குலசை தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, ராஜாவாக, போலீஸாக, கரடியாக வேஷம் கட்டி வீடுவீடாகக் காணிக்கை வாங்கிப் பத்தாம் நாள் குலசேகரன்பட்டினம் போய் அம்மனிடம் சேர்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தலைமுதல் கால்வரை வாடகைக்குக் கொடுப்பவர் அவர். ஆள் கடைப்படியில் காலை வைக்கும்போதே இன்ன வேஷம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் வாய் திறக்க முடியாதவர் போலீஸ் கேட்பார். மாமனார் வீட்டில் குடியிருப்பவர் ராஜா கேட்பார். பிள்ளைகளை அதட்டத் தெரியாத வாத்தியார் கரடி கேட்பார். இந்த ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் பட்டம் எதுவும் தரவில்லை.

பிச்சைக்காரன் வேஷத்துக்கு மட்டும் யாரும் அந்தக் கடைக்கு வந்ததில்லை. கிழிந்த கைலி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அப்பா பால்துரை காலத்திலிருந்தே அந்த வேஷத்தைக் கீழாகப் பார்ப்பது குடும்ப வழக்கம்.

தசரா முடிந்தால் பள்ளி ஆண்டுவிழா வரும்வரை கடையில் ஈ கூட வேஷம் கேட்டு வராது. அந்தச் சும்மா மாதங்களில்தான் சிவபாலன் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யத் தொடங்கினார். பெயர் ‘பத்தாம் நாள்’. ஆடுகிறவர் ஏழு வேஷங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோரமாகவே நடந்து, பத்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் குலசை போய்ச் சேரவேண்டும். வேஷங்களையும் வித்தைகளையும் நோட்டில் எழுதுவது சிவபாலன். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது ஷெர்லின். பகலில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிற பெண். ஞாயிறு பூசை முடிந்து மிச்ச நாளை இந்த விளையாட்டுக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது.

நோட்டில் சிவபாலன் காட்டிய தாராளம் கொஞ்சநஞ்சமல்ல. ராஜாவுக்கு ஐந்து வித்தை: வாள், குதிரை, ஆணை, பரிசு, மீசை முறுக்குதல். போலீஸுக்கும் ஐந்து. அதில் விசில் மட்டும் மூன்று வகை. காளிக்கு உயிர்ப்புள்ளி போடும் இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. அம்மன் வேஷத்துக்கு நூறு புள்ளி என்று எழுத எந்தத் தூத்துக்குடிக்காரனுக்குத் துணிச்சல் வரும்? ஆகவே காளி சாகவே மாட்டாள். விரதம் தவறினால் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவாள். பிச்சைக்காரனுக்கு வந்தபோது கை வலித்துவிட்டதோ என்னவோ, ஒரே ஒரு வித்தை எழுதினார். ‘கேட்டல்.’

அறிவிப்பு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஷெர்லின் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, எல்லா வேஷத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன். ராஜா செத்துட்டான். போலீஸ் செத்துட்டான். கரடி ஊரே தாண்டல. பிச்சைக்காரன் மட்டும் அரைமணி நேரத்துல குலசை போயி உக்காந்திருக்கான்.”

“எப்பிடிளா? அவனுக்கு ஒரு ஸ்கில்தான இருக்கு!”

“ஆமா, கேட்டல். அதான் கேக்கான்.”

“என்னத்தக் கேக்கான்?”

“எல்லாத்தையும் கேக்கான். வாசல்ல போயி நின்னா உள்ள பேசுதது அவனுக்குக் கேக்கும். எந்தத் தெருவுல நாய் நிக்கி, எந்த வீட்டுல சோறு ஆக்கியிருக்கு, எவன் ஏமாத்துவான், எல்லாம் தெரிஞ்சிருது.”

சிவபாலன் நோட்டைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தார். வரி அவரைப் பார்த்தது.

“ஏளா, நான் எழுதுனது தர்மம் கேக்கது! அம்மா தாயேன்னு கேக்கது!”

“நீங்க வெறும் கேட்டல்னுதான் எழுதியிருக்கீய. நான் காதுன்னு நெனச்சேன். காது படம் போட்டு பட்டன்லாம் வச்சிருக்கேன். நல்லா வந்திருக்கு அண்ணாச்சி.”

உமாராணி கிரீடத்திலிருந்து கண் எடுக்காமலே சொன்னாள். “அவ மேல தப்பில்ல. உங்களுக்கு அந்த ஸ்கில் கிடையாதுல்லா, அதான் ஒழுங்கா எழுத வரல.”

இதைச் சிவபாலன் கேட்கவில்லை.

மாற்றி எழுத நான்கு நாள் ஆகும் என்றாள் ஷெர்லின். நான்கு நாள் இல்லை. சின்ன ஆட்கள் செய்யும் விளையாட்டுகளுக்குச் சென்னையில் நடக்கும் கண்காட்சிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி. “இந்த வருசமும் போவலன்னா நான் ஒதுங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. வீட்டுல ஞாயித்துக்கிழமை என் முகத்தப் பாத்தே மூணு வருசம் ஆச்சுங்காவ” என்று ஷெர்லின் மெதுவாகச் சொன்னாள். அவள் இல்லாவிட்டால் ‘பத்தாம் நாள்’ வெறும் நோட்டு. சிவபாலனுக்கு அது தெரியும்.

ஆகவே பிச்சைக்காரன் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அதற்கு ஆதாரமாகத்தான் மேற்படி பிரகடனம். குலசையில் அந்த வேஷம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டே என்று உமாராணி நினைவூட்டினாள். அங்கே கிரீடத்துக்கு வாடகை உண்டு, இங்கே கிரீடம் சும்மா கிடைக்கிறது, சும்மா கிடைக்கும்போது எவன் கிழிந்த கைலியை எடுப்பான் என்று சிவபாலன் கேட்டார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

கண்காட்சிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். விளையாட்டைச் செய்தவரே தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெட்டு ஒட்டு இல்லாமல் ஆடி, அதைப் படம்பிடித்து அனுப்பவேண்டும். செய்தவராலேயே முடிக்க முடியாத விளையாட்டுகள் அவர்களுக்கு நிறைய வந்திருக்கவேண்டும்.

சிவபாலன் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட முழுதாக ஆடியவர் இல்லை. புதன்கிழமை ராஜாவாகப் புறப்பட்டார். பழையகாயலில் முத்து விற்கிறவன் எதிர்ப்பட்டான். பரிசு வித்தையைப் பயன்படுத்திக் கிரீடத்தைக் கொடுத்து ஒரு படி முத்து வாங்கினார். அத்தனையும் பிளாஸ்டிக். கிரீடம் இல்லாத ராஜாவை ஆத்தூர் நாய்கள் மதிக்கவில்லை. நாய்களுக்கு அந்தக் குணத்தை எழுதி வைத்தவரும் அவர்தான்.

வியாழக்கிழமை போலீஸ். முத்தையாபுரத்தில் உப்பு லாரியை நிறுத்த மூன்று வகை விசிலும் அடித்தார். லாரி நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை குளித்துத் திருநீறு பூசி, பயபக்தியோடு காளியாக உட்கார்ந்தார். காயல்பட்டினம் வரை ஒரு குறையும் இல்லை. திருச்செந்தூர் கோபுரம் திரையில் தெரிந்த நேரம் உமாராணி வந்து, “டீ போடவா?” என்றாள். “போடு” என்று சொல்லிக்கொண்டே விரல் பக்கத்துப் பட்டனில் பட்டது. திரையில் காளி டீக்கடைக்குள் போய் ஒரு ஆம்லெட் சாப்பிட்டாள். அடுத்த நொடி தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

மணி மூன்று நாற்பது.

“எங்கன நிக்கீய அண்ணாச்சி?” ஷெர்லின் போனில்.

“பஸ் ஸ்டாண்டுல.”

“நெசமாவா, கேம்லயா?”

“கேம்லதான்.”

“சரி, நீங்க பாருங்க” என்றாள் அவள். திட்டியிருந்தால் தேவலை என்று சிவபாலனுக்குப் பட்டது. கரடியை ஒருமுறை எடுத்தார். அது தெரு திரும்புவதற்குள் முடிந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து.

உமாராணி டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த ஜடாமுடிகளைப் பிரித்து எண்ணக் கடையின் முன்பக்கம் போனாள். சிவபாலன் அவள் முதுகைப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் சுவர்ப்பக்கமாகக் கால்வாசி திருப்பினார். வேஷங்கள் நிற்கும் வரிசையை வலப்புறம் தள்ளினார். ராஜா போனார், போலீஸ் போனார், கரடி போயிற்று. கடைசியில், மினுமினுப்பு இல்லாத சாம்பல் கட்டத்துக்குள், யாரும் பார்க்க வேண்டாம் என்று அவரே ஒதுக்கி வைத்திருந்த ஆள் கைலியோடு நின்றான். படம்பிடிக்கும் பட்டனை அழுத்தினார். அவனையும் அழுத்தினார்.

பிறகு ஒவ்வொரு வாசலிலும் நின்றார். பொறுமையாக நின்றார். லாரி டிரைவர் எந்த நேரம் சாப்பாட்டுக்கு வண்டியை ஓரங்கட்டுவான் என்பது ஒரு ஜன்னலில் கேட்டது. பழையகாயலில், “பிளாஸ்டிக் சரக்கு தீந்திருச்சு, நாளைக்கு இன்னொரு மூட்ட எடுக்கணும்” என்று முத்துக்காரன் பெண்டாட்டியிடம் சொன்னது கேட்டது. ஆத்தூரில் எந்தச் சந்தில் நாய் இல்லை என்பதும் கேட்டது. முன்பக்கத்திலிருந்து, “ஜடாமுடி நாலு குறையுது, கேக்கா?” என்று உமாராணி சத்தம் கொடுத்தாள். “கேக்கு, கேக்கு” என்றார்.

குலசை போய்ச் சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தொன்று. படம் இன்டர்நெட்டில் மெல்ல மெல்ல ஏறி முடிய நாலு ஐம்பத்திரண்டு. விண்ணப்பத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம்: ‘எந்த வேஷத்தில் ஆடினீர்கள்?’ அதை நிரப்பாமல் அனுப்பு பட்டன் வேலை செய்யவில்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

போன் அடித்தது. “போயிருச்சா அண்ணாச்சி?”

“போவுது, போவுது, வையி” என்றார் சிவபாலன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ‘பி’யில் தொடங்கி, நடுவில் ‘ச்’ விட்டுப்போகாமல், அந்தக் கட்டத்தை நிரப்பினார்.