தரகர் கேட்காத கேள்வி

“பொண்ணு எந்த வீடு, மாப்பிள்ளை எந்த வீடு?” என்று கேட்டுவிட்டு, வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருக்கும் இரண்டு உலோகத் துண்டுகளையும் வாங்கிக் கண்ணாடி மேசைமேல் வைப்பார். சட்டைப் பொத்தானிலிருந்து நூலில் தொங்கும் காந்தத்தை முதல் துண்டின்மேல் விடுவார். ஒட்டாது. அடுத்ததன்மேல் விடுவார். பட்டென்று ஒட்டிக்கொள்ளும். “பொண்ணு ஸ்டெயின்லெஸ், மாப்பிள்ளை வெறும் இரும்பு. நடத்திடலாம். நடுவுல பெரிய மனசுக்காரர் ஒருத்தர் வேணும்” என்று சொல்லிக்கொண்டே பின்னாலிருக்கும் அலமாரியில் 309 என்று எழுதிய வெல்டிங் கம்பிப் பெட்டியைத் திரும்பிப் பாராமல் எடுப்பார்.

வெல்டிங் சாமான் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கும் இந்த மனிதருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் தரகர். ஜாதகம் பார்க்காமல் ஒரு கம்பிகூடத் தரமாட்டார். தகடு எத்தனை மில்லிமீட்டர்? பாலா, தண்ணீரா, அமிலமா, எது ஓடப்போகிறது? உட்கார்ந்து செய்கிற வேலையா, தலைக்குமேல் அண்ணாந்து செய்கிற வேலையா? ஒரே ஒரு கம்பி வாங்க வந்தவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் தாடி வளர்ந்துவிட்டதாம், வீட்டில் மனைவி அடையாளம் தெரியாமல், “யாருங்க வேணும்?” என்று கேட்டாளாம். தெருவில் இப்படிச் சொல்கிறார்கள். தாடி உண்மை. மற்றதற்குச் சாட்சி இல்லை.

கடைக்குச் சொந்தக்காரர் அவருடைய மனைவியின் தம்பி. “மாமா, இது கம்பி விக்கிற கடை. வந்தவனுக்குக் கொடுத்து அனுப்புங்க” என்று தினம் ஒருமுறை சொல்வார். “கொடுத்து அனுப்பிடலாம் மாப்பிள்ளை. திரும்பி வந்தா நீ வாங்கி வச்சுக்குவியா?” என்பார் தரகர். அவர் கொடுத்து எதுவும் திரும்பி வந்ததில்லை. உலகத்தில் அவருக்கென்று ஒரு கர்வம் உண்டென்றால் அது இதுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிப் பேசும்போது மனிதர் குரல் இறங்கிவிடும், தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதைப்போல. “கோவக்காரிங்க அது. சூட்டைக் கூட்டினா முகம் கறுத்துடும், முதுகைத் திருப்பிக்கும். கரண்ட்டைக் கொறைச்சு வை, நிக்காம நட. வைக்கோல் நெறம் வந்தா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம். நீலம்னா முணுமுணுக்கறா. கறுத்துட்டா பேச்சுவார்த்தையே கெடையாது.” மெல்லிய தகடென்றால் ஆர்கான் வாயுவோடு டிக் வெல்டிங், கனமான தகட்டில், காற்றடிக்கும் வெளியில் என்றால் மருந்து பூசிய ராடு. ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று கம்பி பிரஷ் வாங்குபவரிடம் மட்டும் சத்தியம் வாங்காத குறை: “இதை இரும்புல தேய்க்காதீங்க. உங்க பல்லு பிரஷ்ஷால நாயைத் தேய்ப்பீங்களா?”

அவர் கல்யாணத்தின்போது மாமனார் கைக்கடிகாரம் ஒன்று போட்டாராம். மாப்பிள்ளை சபை நடுவில் அதன் பட்டையில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். மாமனார் ஆறு மாதம் பேசவில்லை. “ஒட்டியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று மனைவி இன்றும் கேட்பதுண்டு. “உன்னை வச்சுக்கிட்டு வாட்சைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்” என்பார். அந்த அம்மாள் கோபமாக இருப்பதுபோல் சமையலறைக்குப் போவாள். சிரிப்பது கூடத்துக்குக் கேட்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வாரம் ஒரு காலையில் பட்டறைக்காரம்மா கடைக்குள் வந்தாள். இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகப் பட்டறை வைத்து, பால் தொட்டிகள் செய்கிறவள். கை நடுங்காத வெல்டர். கண்ணாடி மேசைமேல் ஒரு துண்டை ‘ணங்’ என்று போட்டாள்.

“தரகர் அண்ணே, நீங்க முடிச்சு வச்ச கல்யாணம் விவாகரத்தாகி வந்திருக்கு.”

தொட்டியைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் தட்டில் இரும்புக்குழாய்க் கால். ஒட்டிய இடத்தின் ஓரத்தில், தட்டின் பக்கமாக, மயிரிழை விரிசல். நாலு காலில் மூன்று இப்படியாம். நாளை மாலை பால் பண்ணையிலிருந்து வண்டி வரும். ஆயிரம் லிட்டர் பாலைச் சுமக்கவேண்டிய கால்கள்.

கடையில் நின்ற மூன்று வாடிக்கையாளர்களும் சாமான் வாங்குவதை மறந்தார்கள். மைத்துனர் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். தரகர் காந்தத்தை விட்டார். தட்டில் ஒட்டவில்லை, குழாயில் ஒட்டியது. 309 சரிதான். “என்ன கரண்ட் வச்ச?” சரியாகத்தான் வைத்திருந்தாள். “கேஸு?” அதுவும் சரி.

“கடையைப் பாத்துக்க” என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வேலை நாளில் அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கால் முளைத்திருப்பதே அன்றுதான் தெரிந்தது என்றார் ஒருவர்.

பட்டறையில் மிச்சமிருந்த குழாய்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் சாம்பல்நிறப் பெயிண்ட். “பெயிண்டைத் தேய்ச்சிட்டுத்தான் வச்சேன்” என்றாள் அவள். “அப்புறமும் வெள்ளைப் புகை வந்துச்சு. கேஸ் பத்தலைனு ஏத்திவிட்டேன். சாயங்காலம் தொண்டையெல்லாம் கரிச்சுது.”

தரகர் அங்கே கிடந்த அரத்தை எடுத்து, பெயிண்ட் உரித்த இடத்தில் நாலு இழு இழுத்தார். பளபளப்பு உரிந்து, அடியிலிருந்து மங்கலாக இன்னொரு நிறம் எட்டிப் பார்த்தது.

“ஜி.ஐ. பைப்பு” என்றார். “மேல துத்தநாகம் பூசியிருக்கு. சூட்டுல உருகிப் போய் ஸ்டெயின்லெஸ்ஸுக்குள்ள எறங்கி வெடிக்க வச்சுடுச்சு.”

பட்டறைக்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. “நான்தான் பாக்காம விட்டுட்டேனா அண்ணே?”

அவளோடு போயிருக்கலாம் அந்தப் பழி. கடைக்குத் திரும்பிப்போய், அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று சொன்னால் அவர் கர்வத்தில் ஒரு கீறல் விழாது. தரகர் அரத்தைக் கையில் உருட்டினார்.

“நீ கொண்டாந்து காட்டின. நான் ஊர்ல இல்லாத கேள்வியெல்லாம் கேட்டேன். மாப்பிள்ளை உள்ள என்ன சட்டை போட்டிருக்காருன்னு கேக்கல. காந்தம் ஒட்டினதும் குடும்பமே தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன். என் தப்பு தங்கச்சி.”

வெடித்த தட்டுகளோடு நாலாவதையும் வெட்டி எறிந்தார்கள். புதுத் தட்டு, அதே குழாய்; முனையிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு, வெளியிலும் உள்ளேயும், துத்தநாகம் போகிறவரை சுரண்டினார்கள். மறுநாளும் தரகர் கடைக்குப் போகவில்லை. அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு நடந்தாள். இந்தமுறை புகையில்லை. நாலு காலிலும் வைக்கோல் நிறம் வந்தது.

“காந்தத்தை நம்பி ஏமாந்த ஆளு நான், இனி நெறத்தையும் நம்பமாட்டேன்” என்றார் தரகர். “சாயம் போடு.”

சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சைத் தெளித்தாள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தரகர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். போன் அடித்தது. மனைவி.

“சாப்பிட வரலையா?”

“ஒரு கல்யாணத்துல இருக்கேன்.”

“மறுகல்யாணம்தானே? தம்பி சொன்னான். முடிஞ்சதும் வாங்க, ரசம் சூடா இருக்கு.”

மூன்றாவது காலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. தரகர் குனிந்து விரலால் துடைத்தார்; தட்டின் விளிம்பில் துடைக்காமல் விட்ட சாயம். பத்து நிமிடம் பன்னிரண்டாயிற்று. நாலும் வெள்ளை வெளேரென்று நின்றன. “கையெழுத்துப் போட்டாச்சு அண்ணே, எந்திரிங்க” என்றாள் அவள். அவர் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து தொட்டியை ஏற்றிப் போயிற்று. மறுநாள் காலை கடையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வாங்க வந்தவர்கள் பாதி, வாயைக் கிண்ட வந்தவர்கள் பாதி. “தரகரே, திரும்பி வந்துச்சாமே?” என்றார் ஒருவர்.

“வந்துச்சு. நான்தான் ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேன்” என்றார் தரகர், வெயிலைப் பற்றிச் சொல்வதைப்போல. “நீங்க என்ன கொண்டாந்தீங்க? வைங்க.”

அந்த மனிதர் இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார். பொத்தானிலிருந்து காந்தம் எப்போதும்போல் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அதே நூலில், ஒரு விரல் நீளத்துக்குப் புதிதாக ஒரு சின்ன அரம். தரகரின் கை முதலில் அரத்துக்குப் போயிற்று.