தாய்மாமன் முன்னிலையில் ஒரு கவுன்சிலிங்

மூடிய கதவு என்றால் எனக்கு ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டேன். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டால் மூச்சு முட்டும். முப்பத்தெட்டு வயதில் எங்கள் அலுவலகம் ஐந்தாம் மாடிக்கு மாறியதும், இனி தாங்காது என்று பழங்காநத்தத்தில் ஒரு மனநலக் கவுன்சிலரம்மாவிடம் போனேன்.

மூன்றாவது வாரம் அவர், அரைத்தூக்க நிலைக்குக் கொண்டுபோகும் ஹிப்னோதெரபி செய்து பார்க்கலாமா என்று கேட்டார். "பயத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். மறந்ததைத் தோண்டி எடுக்கிற வேலை இல்ல. அப்படி எடுக்கிறதை நம்பவும் முடியாது. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்." ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஆசை இருந்தது. வாய் தன்பாட்டுக்கு எதையாவது உளறிவிடுமோ என்ற உதறலும் இருந்தது.

அதை அம்மாவிடம் சொன்னேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கண்ணை மூட வைத்துப் பேச வைப்பார்களாம் என்றதும், அவளுக்கு அது கோடாங்கியிடம் குறி கேட்கிற சமாசாரமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் குறி கேட்கப் போனால் தாய்மாமன் முன்னால் உட்கார வேண்டும். கேள்விகளை அவர்தான் கேட்பார். அடுத்த வாரம் படியேறிப் போனால், வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டோடு அம்மா. பக்கத்தில், எழுமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அவளுடைய அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வயதில், அவர் மகனை அடித்தேன் என்று அவர் வீட்டில் பருத்தி போட்டு வைக்கும் அறைக்குள் என்னைத் தள்ளி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை பூட்டி வைத்த மனுஷன் அவர்தான்.

"கண்ண மூட வைங்கம்மா, நான் கேக்குறேன்" என்று கவுன்சிலரிடமே அதிகாரம் பண்ணினார். "முன்ஜென்மத்துல கிணத்துல கிடந்து செத்திருப்பா. இல்லாட்டி இம்புட்டுப் பயம் எங்கிட்டிருந்து வரும்?"

கவுன்சிலர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "முன்ஜென்மம் எதுக்கு மாமா? இந்த ஜென்மத்துல பருத்தி ரூமுல என்னைய வச்சுப் பூட்டுனது யாரு?"

"அடியாத்தி! சின்னப்புள்ளையக் கண்டிச்சதெல்லாம் எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு. ஏம்மா, நீ அன்னிக்கு அந்த வீட்லதான இருந்த? நான் கத்துனது கேக்கவே இல்லையா?"

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சுடி. கதவுகிட்டதான் நின்னேன். மறுவாரம் ஒங்க அக்காளுக்குச் சடங்கு. எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுத் தாய்மாமன் சீர் கொண்டுவரலைன்னா ஊரு காறித் துப்பியிருக்கும். அதான் தொறக்கல."

இருபத்தெட்டு வருஷம்! காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவளுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கவுன்சிலர் பக்கம் திரும்பினேன். "செய்யலாம் மேடம். உளறிருவேன்னு பயந்ததை முழிச்சுக்கிட்டே சொல்லியாச்சு. இவங்க ரெண்டு பேரையும் அனுப்புங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். அம்மா நகரவில்லை.

"நான் மட்டுமாச்சும் கூட இருக்கேனேடி."

"வேணாம்மா. அன்னிக்கு நின்ன மாதிரி வெளியவே நில்லு."