பல்தடம் பதிந்த திருகாணி

ஜெபமாலை சிஸ்டர் இறந்துவிட்டார் என்பதைப் பால்காரம்மாதான் சொன்னார். "அந்தச் சிங்கம்புணரி நர்ஸம்மா நேத்து போய்ச் சேந்துட்டாகளாம், நெஞ்சு வலியாம்" என்று பாலை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். செம்போடு உள்ளே போனேன். சிங்கம்புணரிக்குப் போகவேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "தோட்டுக்குத் திருகாணி போட்டுக் குடுத்தோம். அதுக்காக எழவுக்கெல்லாமா போவாக?" அவர் மேல் தப்பில்லை. ஆறு வருஷமாக அவருக்கு நான் சொல்லியிருப்பது அவ்வளவுதான். உள்ளேயிருந்து அத்தை, அவருடைய அம்மா, குரல் கொடுத்தார்: "நான் போறேன்டா. முழங்கால் வலியோட பஸ் ஏற முடியல, இவ கையப் பிடிக்க வரட்டும்."

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று சிஸ்டரின் தம்பி கேட்டார். அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். வாசலை ஒட்டி என் மாமனாரின் நகைப்பட்டறை. ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அப்போது கோயம்புத்தூர்ப் பட்டறையில் வேலை பார்த்தார், மாதம் ஒரு முறை வருவார். அவர் வந்து போனால் எனக்கு ரத்தம் படும். விலக்கு நாளும் இல்லை, ஒன்றும் இல்லை, துணியில் கறை. யாரிடம் சொல்வது? அந்த இடத்து நோய் என்று வாயைத் திறந்தால் முதலில் ஒழுக்கத்தைத்தான் பேசுவார்கள். கணவன் ஊரில் இல்லாதவள் என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி படுத்தால் பயம், காலையில் எழுந்தால் சமையல். இப்படியே எட்டு மாதம் போயிற்று.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். முன் அறையில் கண். பின் அறையில், பலகை எதுவும் இல்லாமல், ஜெபமாலை சிஸ்டர். கர்ப்பப்பை வாயில் குச்சியால் மெல்லத் தடவி, கண்ணாடிச் சில்லில் பூசி மதுரைக்கு அனுப்புவார். புற்று வருவதற்கு முன்பே, வரப்போகிறதா என்று அதில் தெரிந்துவிடுமாம். கண் பார்க்க என்று சொல்லி வந்த பெண்கள் பாதிப்பேர் பின் அறைக்குத்தான் போனோம். நான் கூச்சத்தில் அழுதேன். "பல்லு வலிச்சாப் பல்லைக் காட்டலையா? இதுவும் உடம்புல ஒரு இடம், அம்புட்டுத்தான். மூச்சை விடு" என்றார்.

மூன்று வாரம் கழித்து அவர் எங்கள் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். ஒரு தோட்டின் திருகாணி நெளிந்து போயிற்று, சரிசெய்து தர வேண்டும். மாமா வேலையைப் பார்க்க, தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்கு வந்தவர் என் காதருகில் கேட்டார்: "அன்னைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுன?"

"நல்லாக் கழுவிட்டு வந்தேன். சோப்பு, மஞ்சத்தண்ணி, உள்ள வரைக்கும். ஆஸ்பத்திரிக்காரவுக முன்னாடி சுத்தமாப் போக வேணாமா?"

சிஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சட்டியத் தேச்சுக் கவுத்திட்டு ரசம் எப்படி இருக்குன்னா நான் எதைடி சொல்ல? சில்லுல ஒண்ணுமே இல்லையாம். நீ மட்டுமில்ல, பத்துப் பன்னெண்டு பேரு இப்படித்தான். உங்களச் சொல்லிக் குத்தமில்ல. ரெண்டு நாளைக்கு உள்ள கழுவக்கூடாதுன்னு நான்ல முன்னாடியே சொல்லியிருக்கணும்." மறுபடியும் எடுக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முறை வெளியே போனதே பெரும்பாடு. கண் முகாம் வருஷத்துக்கு ஒன்றுதான். இன்னொரு பொய்க்கு நான் எங்கே போவேன்? "என்னால முடியாது, போங்க" என்றேன்.

போனவர் அடுத்த வாரமும் வந்தார். அதே திருகாணி, அதே நெளிவு. அதற்கு அடுத்த வாரமும் வந்தார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் அவர் செய்த வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. திருகாணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "நர்ஸம்மா, இது தானா நெளியல. பல்தடம் இருக்கு. கடிச்சிருக்கீக."

நான் கதவுக்குப் பின்னால் செத்தேன். அத்தை சிஸ்டரின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினார். எல்லாம் போயிற்று, பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அத்தை சிஸ்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இவளுக்கு ரத்தம் படுதே, அதுக்குத்தான வாரீக?"

"கொடியில காயிற துணி என் கண்ணுல படாதா? எனக்கும் கேக்கத்தான் வாய் வரல" என்று அத்தை அழுதார். ஒரே அடுப்படியில் எட்டு மாதம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றிருக்கிறோம், பாருங்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மாமாவிடம், "நர்ஸம்மா பதட்டக்காரி, கையில கிடைச்சதையெல்லாம் கடிக்கும்" என்றார். மாமா புதுத் திருகாணி செய்து கொடுத்தார். பழையதைச் சிஸ்டர் என் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போனார்: "வச்சிரு. நீ வரலைன்னா மறுபடி கடிக்கணும்."

கண் மங்குகிறது என்று அத்தை மாமாவிடம் சொல்ல, சிஸ்டரின் ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான் போனேன். ரெண்டு நாளாகக் கழுவவில்லை. எனக்கு எடுத்து முடித்ததும் சிஸ்டர் அத்தையைப் பார்த்து, "நீங்களும் ஏறிப் படுங்க" என்றார். "இந்த வயசுல இது என்ன கூத்து!" என்று வைதுகொண்டே அத்தை ஏறிப் படுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. புற்று இல்லை, விட்டிருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கும் என்றார்கள். மதுரையில் அந்த இடத்தை மட்டும் உறையவைத்து அழித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சிஸ்டர் சொன்னார்: "ஒண்ணுமில்லாதப்பவே வந்து பாக்கணும். முத்துனப்புறம் வந்தா கூட உக்காந்து அழத்தான் என்னால முடியும். அம்மைக்குக் குத்துற மாதிரி இதுக்கும் ஒரு ஊசி வரும், உன் மகளுக்குக் கிடைக்கும். அது வர்ற வரைக்கும் கூச்சப்படாம வந்து படுங்கடி."

அத்தையைத் தவிர வீட்டில் எவருக்கும் தெரியாது. நோய் போயிற்று, பொய் போகவில்லை. வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகையில் கண் என்றுதான் சொல்கிறேன்.

சிங்கம்புணரியில் சிஸ்டரின் பெட்டியைச் சுற்றி அத்தனை பெண்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். எப்படிப் பழக்கம் என்று யாரோ கேட்க, "என் கண்ணப் பாத்துவிட்டவுக" என்றாள் ஒருத்தி. "எனக்கும் கண்ணுதான்" என்றாள் இன்னொருத்தி. நானும் அதையே சொன்னேன். எங்களில் ஒருத்தி மூக்கிலும் கண்ணாடி இல்லை. அவரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர் செய்த வேலையின் பேரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றோமே என்று எனக்கு ஆறவே இல்லை.

அதனால் இங்கே சொல்கிறேன். நான் கண் பார்க்கப் போகவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்று வருமா என்று பார்க்கப் போனேன். ஜெபமாலை சிஸ்டர் பார்த்ததால் உயிரோடு இருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பழைய திருகாணி ஒன்றுதான், மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

என் பேரைப் போட்டே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரரும் படிப்பார். கேட்டால் வாயால் சொல்ல எனக்கு இன்னமும் வருமா தெரியாது. திருகாணியை எடுத்து அவர் கையில் வைப்பேன். அவரும் நகை செய்கிற பத்தர்தானே, பல்தடம் தெரியாமலா போகும்?

காமாட்சி
காரைக்குடி