சத்தம் வராத கொடி

என் அம்மா கன்னியம்மாள் சென்ற ஐப்பசியில் இறந்தாள். வயது நாற்பத்துநான்கு. இருபது ஆண்டுகள் திருவண்ணாமலையில் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்தாள். கச்சேரிக்கு வருகிறவர்கள் கொடி பிடிக்கலாமா கூடாதா என்று எங்கள் ஊரில் இப்போது பேச்சு நடக்கிறது. எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அது அம்மாவைப் பற்றியது.

அம்மாவுக்குக் காது கேட்காது. இது எனக்கு அவள் சாவதற்குப் பதினேழு நாள் முன்புதான் தெரிந்தது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அப்பா 1967இல் காசநோயில் போனார். எனக்கு ஆறு வயது. அம்மா மில்லில் சேர்ந்தாள். நெல் அரைக்கிற ஹல்லரின் வாயில் கொட்டும் அரிசியை வாரிக் கூடையில் போடுகிற வேலை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. அந்த இடத்துச் சத்தத்தை ஒரு முறை நானே கருவி வைத்து அளந்தேன். தொண்ணூற்றேழு டெசிபல். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டும். மில் பெண்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். அம்மா கத்திப் பேசியது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தெருவில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். எங்கள் வீட்டில் கூப்பிடும் வழக்கமே கிடையாது. தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன்.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. காது மந்தமான பெண்களை மில்லில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெல்ட் ஓடுகிற இடம். "தள்ளு" என்று கத்தினால் உடனே விலக வேண்டும். விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், பக்கத்து வீட்டு மெஹ்ருன்னிசா அக்கா. தையல் மெஷின் வைத்து ஜாக்கெட், பாவாடை தைத்துக் கொடுப்பார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். என்னிடம் கூடச் சொல்லக் கூடாது என்று.

அம்மாவுக்கு ஆண்டில் ஒரே ஒரு ஆசை. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் பஜார் வியாபாரிகள் சேர்ந்து பள்ளி மைதானத்தில் மூன்று நாள் மெல்லிசை விழா நடத்துவார்கள். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பம். அந்த மூன்று நாளும் மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மூன்று மணிக்கே மெஹ்ருன்னிசா அக்காவோடு போய்ப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசை பிடிப்பாள். வேறு எதற்கும் அவள் எளிதில் லீவு எடுக்க மாட்டாள். எனக்கு அம்மை போட்டபோது கூட முதல் இரண்டு நாள்தான் இருந்தாள்.

அவள் கச்சேரியைக் கண்ணால் கேட்டாள். பாடுகிறவரின் உதட்டைப் பார்ப்பாள், தபேலாக்காரரின் கையைப் பார்ப்பாள். காது நன்றாக இருந்த காலத்தில் கேட்ட பாட்டுகள்தான் மேடையில் பெரும்பாலும் பாடப்பட்டன. உதடு எந்தப் பாட்டு என்று சொல்லும், கை எந்த இடம் என்று சொல்லும். தன் முழங்காலில் தாளம் போடுவாள். தாளம் தப்பாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

1979இல் நான் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு. எங்கள் தெரு ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். தலைவன் சக்கரவர்த்தி, சைக்கிள் கடை வைத்திருந்தான். முந்தைய ஆண்டு எதிர் மன்றத்துக்காரர்கள் விழாவுக்குக் கொடி கொண்டுவந்து ஆட்டினார்கள். அதனால் அவர்கள் நடிகரின் பாட்டுகள் நான்கு கூடுதலாகப் பாடப்பட்டன என்பது எங்கள் கணக்கு. இந்த முறை நாங்களும் கொடி கொண்டுபோவது என்று முடிவானது.

வீட்டில் சொன்னேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொடி புடிக்காதடா," என்றாள்.

"ஏம்மா?"

என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "காத்துல படபடன்னு அடிச்சிக்கும். அந்த சத்தத்துல பாட்டு எங்க கேக்கும்?"

உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாமல், காது கேட்கிறவர்கள் சொல்லக்கூடிய ஒரு காரணத்தைத் தேடிச் சொன்னாள். நான் அதை நம்பினேன். நம்பியதோடு விடவில்லை, தீர்வு கண்டுபிடித்தேன்.

துணி படபடப்பது ஓரம் கட்டில்லாமல் இருப்பதால். மேலும் கீழும் ஒரு குச்சியைக் கோத்து இழுத்துக் கட்டினால் அசையாது. நான்கடி அகலம், மூன்றடி உயரம். ஆறடி மூங்கில். மொத்தம் நான்கு கொடி. காகிதத்தில் வரைந்து அளவு குறித்து, துணியோடு மெஹ்ருன்னிசா அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாடா, கொடியா கதவா?"

"கதவுதான் அக்கா. ஆடவே ஆடாது."

"உங்கம்மா எதிர்ல உக்காந்துகினு பாக்கணும்ல?"

"பாட்ட எதுக்கு அக்கா பாக்கணும்?"

துணியை என் பக்கம் தள்ளினார். "வேணாம் தசரதா. சொன்னாக் கேளு," என்றார். நான் துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நான்கு கொடியும் தைத்திருந்தார். குச்சி கோக்கும் இடத்தில் இரட்டைத் தையல். கூலி வாங்கவில்லை.

விழாக் குழுச் செயலாளர் அப்துல் ரசாக் பாய். பஜாரில் துணிக்கடை. கொடி வேண்டாம் என்பது அவர் கட்சி. பேசித் தீர்க்க எங்களைக் கடைக்கு வரச் சொன்னார்.

"கொடி புடிக்கறவன் பாட்டு கேக்க வரலப்பா," என்றார். "மேடைல இருக்கறவன் தன்னைப் பாக்கணும்னு வர்றான்."

"கொடி இல்லன்னா கருமாதி வூடு மாதிரி இருக்கும் பாய்," என்றான் சக்கரவர்த்தி. "ஒரு களை வேணாமா?"

"களை வேணும்னா உன் கடைல சைக்கிளுக்குப் பெயிண்ட் அடி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து கொடியை விரித்து, கடை மின்விசிறிக்கு நேர் கீழே பிடித்தேன். வேகத்தைக் கூட்டச் சொன்னேன். ரேக்கில் இருந்த லுங்கிகள் பறந்தன. கொடி அசையவில்லை.

"பாருங்க பாய். சத்தமே இல்ல."

"சத்தத்தை யாருப்பா கேட்டா? பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்காதா?"

"பாட்டு காதுக்குத்தானே பாய்? கொடி கண்ணத்தானே மறைக்கும்? பாக்கணும்னா டூரிங் டாக்கீஸ் போவட்டும்."

கடையில் இருந்த எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை என் பக்கம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "பொம்பளைங்க பக்கம் யாராச்சும் வந்து மறைக்குதுன்னு சொன்னா எறக்கிடணும்," என்றார். ஒப்புக்கொண்டோம். எந்தப் பெண்ணும் அத்தனை ஆண்களைத் தாண்டி வந்து சொல்லப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

நான் கணக்கில் விட்டது எடை. மேலும் கீழும் குச்சி சேர்ந்ததில் கொடி கனத்தது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை விட்டுப்போகிறது. அதனால் மூங்கிலைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்துகொண்டோம். மற்றவர்களின் கொடி ஆடும், கை வலித்தால் இறங்கும், இடையிடையே மேடை தெரியும். எங்கள் கொடி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஆரம்பித்து ஆறடி வரை, மாலை முழுவதும், அசையாமல் நின்றது.

மேடை உயரம் மூன்றரை அடி. பெண்கள் பகுதி இடப்புறம், சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். தபேலாக்காரர் மேடையின் வலது ஓரம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து அவர் கைக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது ஆண்கள் பகுதியின் முன்வரிசைக்கு மேலாகக் குறுக்கே போகும். நாங்கள் உட்கார்ந்திருந்தது அங்கேதான். எங்களுக்குப் பின்னால் இருந்த ஆண்கள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் தடுப்பைத் தாண்டி எங்கே நகர்வது? இந்தப் படத்தை நான் போன மாதம்தான் காகிதத்தில் போட்டேன். போட இரண்டு நிமிடம் ஆனது.

முதல் நாள், இரண்டாவது பாட்டோ மூன்றாவதோ, ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அம்மா முன்வரிசையில் இருந்தாள். கை மடியில் கிடந்தது. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் சாய்ந்திருந்த மூங்கிலை நேராக நிமிர்த்தினேன்.

மறுநாள் தலைவலி என்றாள். மூன்றாம் நாள் மில்லுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் விழாவுக்கு வரவே இல்லை. எட்டு ஆண்டுகள்.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. 1982இல் முதல் போனஸில் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கி வந்து கொடுத்தேன், பழைய பாட்டு கேசட் ஆறோடு. அம்மா துணி போட்டு மூடி வைத்தாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் எடுத்து ஓடவிட்டு, கேசட்டுக்குள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துத் தலையாட்டுவாள். ஒரு முறை அது ஓடவில்லை, திறந்து பார்த்தேன். உள்ளே பேட்டரி கசிந்து துருப்பிடித்திருந்தது. பல மாதமாக யாரும் தொடவில்லை என்பது தெரிந்தது. "ஆசையா வாங்கிக் குடுத்தா இப்படித்தான் வச்சுப்பியா?" என்று கத்தினேன். நான் கத்துவது அவளுக்கு என் முகத்தில்தான் தெரிந்திருக்கும். எதற்காக என்று தெரிந்ததா என்று தெரியாது.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அவள் பின்னால் நின்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. என்னிடம், "எத்தனை வருஷமா காது கேக்கல?" என்றார்.

"கேக்குமே சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மெஹ்ருன்னிசா அக்காவிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கொடியைப் பற்றியும் சொன்னார். "அன்னிக்கு வூட்டுக்கு வந்து, 'எம் புள்ள நல்லா ஒசரமா வளந்துட்டான் இல்ல'ன்னு மட்டும் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல," என்றார்.

அன்று மாலை அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொன்னேன்.

"அந்த வருஷம் கொடி மறைச்சுதாம்மா?"

"மறைச்சுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. புடிக்காதன்னு சொன்னேன். நீ ஏன்னு கேட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏன்னு தெரிஞ்சாத்தான் கேப்பியா?"

"அடுத்த வருஷமாச்சும் வந்திருக்கலாம்ல?"

"அடுத்த வருஷமும் புடிச்ச. நீ போனப்பறம் மத்தவன் புடிச்சான். எல்லாம் நீ செஞ்சு குடுத்த மாதிரியேதான்."

அது உண்மை. எதிர் மன்றமும் 1980இலேயே குச்சி கோத்துக்கொண்டது. படம் கேட்டார்கள், நான்தான் வரைந்து கொடுத்தேன்.

"இந்த வருஷம் போலாமா?" என்றேன். விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது.

உடனே பதில் வந்தது. "முன்னால எடம் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"தபேலா பழைய ஆளுதானா?"

"விசாரிக்கறேம்மா."

நேராக ரசாக் பாய் கடைக்குப் போனேன். கல்லாவை மகன் ஜியாவுல்லாவிடம் விட்டுவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கன்னியம்மாவுக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "மேடை ஓரத்துல, தபேலாக்காரர் பக்கத்துலயே நாற்காலி போட்டுடலாம். பழைய ஆளுதான் வர்றாரு. கொடிய நான் பாத்துக்கறேன்," என்றார். "நீ அன்னிக்குப் பேசினப்ப எனக்கு பதில் தெரியலப்பா. மறைக்குதுன்னு தெரியும். யாருக்குன்னு தெரியல."

அம்மாவிடம் வந்து சொன்னேன். எந்தப் புடவை என்று மெஹ்ருன்னிசா அக்காவிடம் கேட்டாள். பச்சை என்று முடிவானது. இதெல்லாம் நடந்து பதினேழாம் நாள் காலையில் இறந்துபோனாள். விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

நாற்காலி வேண்டாம் என்று பாய்க்கு ஆள் அனுப்பினேன். கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் தான் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மூன்று நாளும் ஒரு கொடியையும் உள்ளே விடவில்லை. பையன்கள் சண்டை போட்டார்கள், சப்பென்று இருக்கிறது என்றார்கள், பாய்க்கு வயசாகிவிட்டது என்றார்கள். இப்போது ஊரில் நடக்கும் பேச்சு அதைப் பற்றித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து மேடை முழுவதும், வலது ஓரம் வரை, தெரிந்ததாக மெஹ்ருன்னிசா அக்கா சொன்னார். நான் போகவில்லை. லீவு இருந்தும் ஓசூரில் வேலைக்குப் போனேன்.