அண்ணியின் காலும் கீழ்க் குழாயும்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் படையலுக்கு அண்ணி தூக்கி வந்த சோற்றுப் பாத்திரத்தைப் பெரியம்மா நடுவழியில் மறித்து வாங்கிக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. "நீ வைக்க வேணாம்மா" என்றார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து மணமாகி, மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு அண்ணி வந்த மூன்றாவது வாரம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதே மாதம் கலகெதரவிலிருந்து எனக்கு வந்த சம்பந்தமும் தட்டிப்போனது. எல்லாம் அவள் கால் வைத்த நேரம் என்று அம்மா சொன்னார். நானும் சொன்னேன், அண்ணியின் காதுபடவே.

அண்ணி பள்ளியில் உயர்தர வகுப்பு வரை கணிதம் படித்தவர். அன்று வெறுங்கையோடு அங்கேயே நின்றார், அழவில்லை. "மாமாவுக்கு எத்தனை வருஷமா நெஞ்சு வருத்தம்?" என்று என்னைக் கேட்டார். ஒன்பது என்றேன். "நான் வந்ததால அது கூடுச்சா? வராம இருந்திருந்தா குறைஞ்சிருக்குமா?" அண்ணியே தொடர்ந்தார்: "ரெண்டும் இல்லன்னா, அது வேற, இது வேற. கணக்குல சாரா நிகழ்ச்சின்னு சொல்லுவோம், ஒன்ன ஒன்னு பாதிக்காதது. ஒரே மாசத்துல நடந்துச்சுங்கிறதுக்காக முடிச்சுப் போடாதீங்க." அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். துக்க வீட்டில் இப்படியா பேசுவது என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு இன்னொன்று என்று ஐந்து வீடுகள். கடைசி வீட்டுச் சின்னவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். பழைய பேச்சு மறுபடி தொடங்கியது: அவள் வந்த ராசி, முதலில் மாமனார், இப்போது பிள்ளைகள்.  அண்ணி கொப்பியும் பேனையுமாக வீடு வீடாகப் போனார். யார் வீட்டில் நோய், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். அப்போது சந்தில் மேல் வரிசை வீடுகளுக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என்று இரண்டே பொதுக் குழாய்கள்.

சுகாதார அதிகாரி வந்தபோது அந்தக் கொப்பியை விரித்துக் காட்டினார். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையாகத்தான் பேசினார். "இது தற்செயல் தங்கச்சி. பிள்ளையள் கடையில வாங்கித் தின்னுறதால வாறது."

"மேல் வரிசைப் பிள்ளைகளும் அதே கடையிலதான் சார் வாங்குதுங்க. அங்க ஒம்பது வீடு, ஒன்னுல கூட இல்ல. கீழ் வரிசையில எட்டு வீடு, அஞ்சுல இருக்கு. எந்தக் குழாய்னு தெரிஞ்சா, யாருக்கு வரும்கிற வாய்ப்பே மாறுது. அப்ப ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு. தோண்டிப் பாருங்க."

"பாப்பம்" என்று அவர் கிளம்பினார். அண்ணி யாரும் தண்ணீர் பிடிக்காதபடி கீழ்க் குழாயின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முந்தைய வருடம் நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. சற்று நேரத்தில் அம்மா வீட்டிலிருந்து கதிரையைத் தூக்கி வந்து, எங்களோடு உட்கார்ந்தார். பிறகு சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

மூன்றாம் நாள் மாநகர சபை ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் போன குழாய் வெடித்திருந்தது. மாற்றிய பிறகு, ஒன்றிரண்டு மாதத்தில் புதிதாக நோய் வருவது நின்றது. சின்னவளும் பிழைத்து வந்தாள். அதிகாரி, "நீங்கள் சொன்னது சரிதான்" என்றார். "சரி பிழையை விடுங்க சார். ஏன் அஞ்சு வீடு வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார் அண்ணி.

இன்று எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் தனிக் குழாய் இருக்கிறது. அண்ணிக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டுக்கு மருமகள் வந்தபோது, ஆரத்தித் தட்டை அண்ணி கையில் கொடுக்கச் சொல்லி அம்மாவே அவரை முன்னால் தள்ளினார். "நீதான் எடுக்கணும். ஒன் கை ராசியான கை."

அண்ணி தட்டை வாங்கிக்கொண்டார். "எடுக்கிறேன் மாமி. ஆனா எனக்கு அன்னைக்குக் கெட்ட ராசியும் இல்ல, இன்னைக்கு நல்ல ராசியும் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார்.